முதுகு ஒடியாத பிரதி

ஸ்கார்ப்பா பிழைக்கமாட்டான் என்ற பேச்சு காஸ்ட்ரோ தெருவில் பரவியதும் அவன் வீட்டுப் படிகளுக்கு ஓய்வில்லாமல் போயிற்று. வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் சூப்பும் பூங்கொத்துமாக ஏறினார்கள். கீழ்வீட்டு இர்மா கதவிடுக்கில் நின்று ஒவ்வொருவராக எடை போட்டாள். அத்தனை பேர் கண்ணும் கட்டிலில் கிடக்கிறவன் மேல் இல்லை, கட்டிலுக்குப் பின்னால் உள்ள அலமாரியின் மேல் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

வெண்டெல் எல்லோருக்கும் கடைசியாக வந்தான். கடைசியாக வந்தால் ஆசை வெளியே தெரியாது என்று ஒரு நினைப்பு. எழுபத்தைந்தைத் தாண்டிய முழங்கால்களோடு தெருவின் செங்குத்தான மேட்டை ஏறி வந்தவன், பாத்திரத்தை இர்மாவின் வாசலில் இறக்கி மூச்சு வாங்கினான்.

"நீங்களும் சூப்பா? மேல ஏற்கெனவே ஒரு குளமே கெடக்கு" என்றாள் இர்மா.

"இது பீன்ஸ் சூப்பு."

"அப்பிடியா. அப்ப எழுந்து ஓடிருவாரு."

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே போனான்.

இருவரும் சேகரித்தது ஒரே சரக்கு. அறுபதுகளில் பஸ் நிலையக் கடைகளில் ஒளித்து வைத்து விற்ற மலிவுப் பதிப்புகள். ஆணை ஆண் காதலிக்கும் கதைகள். பழைய புத்தகச் சந்தைகளில் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டே சேர்த்தார்கள். வெண்டெலுக்குக் கடைசிவரை சிக்காத ஒன்று ஸ்கார்ப்பாவிடம் இருந்தது: 'உப்புத்தண்ணீர்க் காதலர்கள்'. அதுவும் யாரும் திறந்தே பார்க்காத பிரதி. அந்தக் காலத்துப் பசை காய்ந்து அப்பளமாகியிருக்கும். விரித்தால் முதுகு ஒடியும், தாள் கழன்று விழும். அதனால் சேகரிப்பவர்கள் கூட்டத்தில் தான் சேர்த்ததை எவரும் படிப்பதில்லை. படிக்கிறவனை விவரம் கெட்டவன் என்பார்கள்.

"வாடியம்மா" என்றான் ஸ்கார்ப்பா தலையணையிலிருந்து, அவர்கள் வட்டத்து வழக்கப்படி பெண்ணை அழைப்பதுபோல. "எங்க இன்னும் காணோமேன்னு பாத்தேன்."

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

"பாத்தாச்சில்ல? இப்ப நடுத்தட்டைப் பாரு. எடுத்துக்க."

அட்டையில் நீலக் கடல், ஒரு மாலுமி, அவன் தோளில் கைபோட்ட ஒரு முடிதிருத்துநர். மூலைகள் மழுங்கவே இல்லை. வெண்டெல் அதை இரண்டு கையாலும் எடுத்தான்.

"உனக்குத்தான். ஆனா இப்பவே எனக்கு முழுசாப் படிச்சுக் காட்டணும்."

"கிழிஞ்ச பிரதி ஒண்ணு தேடிட்டு வரேன். அதுல படிக்கிறேன்."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே. காலமெல்லாம் இவனை அட்டையிலயே பாத்துக்கிட்டிருந்தேன். உள்ள போய் என்னதான் பண்றான்னு தெரிய வேணாமா?"

"ஒடிஞ்சு போயிரும்டா."

"நான் மட்டும் முழுசாவா இருக்கேன்? ஆரம்பிடி."

விரித்ததும் முதுகு சடக்கென்றது. வெண்டெலுக்குத் தன் எலும்பே முறிந்தாற்போல் இருந்தது. கதை மகா மட்டம். மாலுமி பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விட்டான். ஸ்கார்ப்பா சிரித்துச் சிரித்து இருமினான். முதல் தாள் கழன்று போர்வையில் விழுந்தது, பின்னாலேயே இன்னும் சில.

கதையில் முடிதிருத்துநர் மாலுமிக்குப் பாதி முகம் மழித்த நேரத்தில் போலீஸ் கடைக் கதவைத் தட்ட, ஸ்கார்ப்பாவின் கண் மூடியது.

வெண்டெல் நிறுத்தினான். முன்பகுதிதான் போயிற்று; பின்பாதி இன்னும் இறுக்கமாக இருந்தது. விழுந்ததை ஒட்டிவிடலாம். முடிவைக் கேட்டால் நாமே ஒன்று சொல்லலாம். இந்தக் கதைகள் ஜெயிலிலோ கடலிலோதானே முடியும்? மெல்ல மூடினான்.

"கதவை யாரு தொறந்தா?" என்றான் ஸ்கார்ப்பா, கண்ணைத் திறக்காமல்.

வெண்டெல் வாயெடுத்தான். பொய் வரவில்லை. அலுப்பாக இருந்தது. அதைவிட, யார்தான் திறந்திருப்பார்கள் என்று அவனுக்கே அரித்தது. புத்தகத்தை நன்றாக அகட்டி விரித்தான். இந்தத் தடவை முதுகு அடியோடு பிளந்தது.

அதுவரை படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இர்மா, காலிப் பாத்திரங்களை எடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மாலுமி எதுக்குங்க அந்த முடிவெட்டுற கடைக்குப் போனான்? மொதல்லேருந்து சொல்லுங்க."

வெண்டெல் போர்வையில் கிடந்த தாள்களைப் பொறுக்கி அவளிடம் நீட்டினான்.

"இதுல இருக்கு, படிங்க. வரிசையை மட்டும் மாத்திராதீங்க."