பதினோராவது மாடிக்குத் தண்ணீர்

சாமான் வண்டி வாசலில் நின்றது. ஒரு பாத்திரம்கூட இறக்கக் கூடாது என்று நான்தான் மறித்திருந்தேன்.

என் மகளுக்கு நடக்க வராது. சக்கர நாற்காலிதான். அவளை இந்தப் புதுக் கட்டடத்தில் பதினோராவது மாடியில் குடிவைக்கப் போகிறாராம் மருமகன். நெருப்புப் பிடித்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். மற்றவர்கள் படியில் ஓடுவார்கள். இவள்?

"அதுக்குத்தான் மாமா, நெருப்பை அணைக்க மேலேயே தண்ணி வரும்."

"கட்டினவன் சொன்னானா? குளிக்கிற தண்ணியே மூணாவது மாடிக்கு மூச்சு வாங்கித்தான் ஏறும்."

தீயணைப்பு அதிகாரியம்மா அன்று சோதனைக்கு வந்திருந்தார். எல்லோரும் மொட்டைமாடிக்குப் போனோம். சிவப்புக் குழாயில் ஓஸ் பைப்பை மாட்டித் திறந்தார். புஸ்ஸென்று காற்று.

"காத்துதான் வருது. ஊதி அணைச்சுக்கலாம்," என்றேன்.

வாயை மூடவில்லை, தண்ணீர் சீறிக்கொண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பாய்ந்தது.

நான் விடுவேனா? "கீழே ஒருத்தன் சுவிட்சைப் போட்டிருப்பான். நெருப்பு பிடிக்கிற அன்னைக்கு அவன் டீ குடிக்கப் போயிருந்தா?"

"யாரும் போடறதில்லைங்க. இங்க திறந்தா குழாயில அழுத்தம் குறையும். மோட்டார் தானா ஓடும். கரண்டு இல்லைன்னா டீசல் இன்ஜின் ஓடும்."

"காதுல பூ சுத்த வேற ஆளைப் பாருங்கம்மா."

மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, நீங்களே கீழே போய்க் காவல் இருங்க. கரண்டை நிறுத்தச் சொல்லி நானே திறக்கிறேன். அப்பவாவது நம்புவீங்களா?"

தரைக்கு அடியில் பம்ப் அறை. அங்கிருந்த பம்ப்காரனை வெளியே தள்ளினேன். "தாராளமா நில்லுங்க பெரியவரே, எதையும் தொட்டுடாதீங்க," என்று சொல்லிக்கொண்டே போனான். போகுமுன் அவனையே பக்கத்துத் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பாக, அசையாமல், அவ்வளவு தண்ணீர். வீட்டுக் குழாய்களுக்குத் தண்ணீர் போகும் வழியை அதில் உயரத்தில் வைத்திருக்கிறார்களாம். ஊரே குளித்துத் தீர்த்தாலும் அதற்குக் கீழே இருப்பதில் ஒரு சொட்டு எடுக்க முடியாதாம். நெருப்புக்காகவே காத்துக் கிடக்கிற தண்ணீர்.

கரண்டு போயிற்று. கும்மிருட்டு. அழுத்தம் காட்டும் மீட்டர் முள்ளின் மேல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முள் சரிந்தது. இன்ஜின் ஒருமுறை செருமியது. மறுபடி செருமியது. பிறகு தரை அதிர உறுமிக்கொண்டு எழுந்தது.

பக்கத்தில் ஒரு மனுஷன் இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெரிய மனிதர்கள் முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை. சிவப்புக் குழாயில் உள்ளங்கையை வைத்தேன். குழாய் நடுங்கியது. தண்ணீர் என் கையைக் கடந்து என் பெண்ணிடம் போய்க்கொண்டிருந்தது.

கரண்டு வந்தது. இன்ஜின் மட்டும் நிற்கிற வழியாக இல்லை. வெளியே ஓடி, "யோவ், இது நிக்க மாட்டேங்குது!" என்று கத்தினேன்.

பம்ப்காரன் நிதானமாக வந்தான். "அது தானா ஓடும், தானா நிக்காது. நெருப்பு அணைஞ்சுடுச்சான்னு ஒரு ஆள் பாத்துச் சொன்னாத்தான் நிறுத்துவோம்."

மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, அருவி மாதிரி கொட்டுது! உங்க மாப்பிள்ளை தொப்பலா நனைஞ்சுட்டாரு!"

"போதும், மூடு. அவருக்கு மாத்துத் துணி வண்டியிலதானே இருக்கு? சாமானை மேலே ஏத்தச் சொல்றேன்."