கண்ணாடி ட்ரம்

பல் டாக்டருக்கு ஒரு வியாதி உண்டு. அழுக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. மனிதர்களின் வாய்க்குள் இது நல்ல குணம். இருபத்தோரு வருடமாகச் சோறு போடுகிறது. அறுபது வயது மோட்டார் சைக்கிளின் சக்கரத்துக்குள் இந்தக் குணம் என்ன செய்யும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

வண்டி மாமனாருடையது. அவர் போனபின் மச்சானின் மரச்சாமான் கடைக் கிடங்கில் ஒன்பது வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதைத் துடைத்துக் கடைக்குள் சோபாக்களுக்கு நடுவே காட்சிக்கு நிறுத்த மச்சானுக்கு ஆசை. அதில் ஏறிப் போக டாக்டரின் மனைவிக்கு ஆசை. அண்ணனும் தங்கையும் முட்டிக்கொண்டதில் மச்சான் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஓடுற வண்டின்னா உங்களுக்கு. பார்க்கிற வண்டின்னா எனக்கு. மாப்பிள்ளை, மூணு மாசத்துல உங்க வீட்டிலேருந்து என் கடைவாசல் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க, பார்ப்போம்."

"மூணு எதுக்கு மச்சான், ரெண்டே போதும்" என்று டாக்டர் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தார்.

எஞ்சினை ஒரு மெக்கானிக் சரிசெய்தார். "பிரேக்கையும் பார்த்துடறேன் சார்" என்று அவர் கேட்டதற்கு, "சக்கரமும் பிரேக்கும் என் கைவேலை" என்று டாக்டர் பிடுங்கிக்கொண்டார். கிளினிக்கின் பின்னறையில், பல்செட்டு அச்சுகளுக்குப் பக்கத்தில், சக்கரங்கள் பிரிந்து கிடந்தன. ரிம்மின் துருவைச் சுரண்டி, குழி விழுந்த இடத்தை அடைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்தார். ஸ்போக் கம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துலக்கினார். சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகுதான் பிரேக் ட்ரம்மைத் திறந்தார். சக்கரத்தின் நடுவில் இருக்கும் இரும்புக் கிண்ணம் அது. மிதித்தால் உள்ளே இரண்டு ஷூக்கள் விரிந்து அதன் சுவரைக் கவ்வும், வண்டி நிற்கும். அந்தச் சுவர் முழுக்க ரேகை ரேகையாகக் கீறல். டாக்டரின் கண்ணுக்கு அது பிரேக்காகத் தெரியவில்லை, இருபது வருடம் துலக்காத கடைவாய்ப் பல்லாகத் தெரிந்தது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். இவருக்குப் பல் தேய்க்கும் மெஷின். மூன்று வாரம் தேய்த்தார். சுவரில் தன் மீசையைப் பார்த்து முறுக்கிக்கொள்ளும் அளவுக்கு ட்ரம் இரண்டும் பளபளத்தன. துரு பிடிக்கக் கூடாதே என்று மெழுகு பாலிஷ் இரண்டு கோட்டு. ஷூக்கள் மட்டும் மங்கலாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? அவற்றுக்கும் ஒரு கோட்டு.

ஒரு மாலை மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அந்தச் சத்தம் வருமில்ல?"

"எந்தச் சத்தம்?"

"அப்பா வாசல்ல பிரேக் போட்டா கிரீச்னு கத்தும். நானும் அண்ணனும் எங்க இருந்தாலும் ஓடி வருவோம்."

"இனி வரவே வராது. வெண்ணெயா ஆக்கிட்டேன்!"

அவள் முகம் வாடியது. மலைத்துப் போய்விட்டாள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தெரு காலியாக இருந்ததால் பிரேக் போடத் தேவையே வரவில்லை. கடைசியாக ஒரு சரிவு, சரிவின் அடியில் கடை. மச்சான் வரவேற்பதற்காகக் கதவுகளை விரியத் திறந்து வைத்திருந்தார். டாக்டர் பிரேக்கை மிதித்தார். வண்டி கண்டுகொள்ளவில்லை. மிதித்தார், அழுத்தினார், கெஞ்சினார். மச்சான் ஒதுங்கிக்கொள்ள, வண்டி வாசற்படியில் ஏறி, இரண்டு சோபாக்களுக்கு நடுவே புகுந்து, மெத்தை அடுக்கில் முட்டி நின்றது.

யாருக்கும் அடியில்லை, டாக்டரின் மானத்தைத் தவிர. கடை விளக்குகளின் கீழ் ரிம் ஜொலித்தது.

"ஆள் அனுப்பி எடுக்கலாம்னு இருந்தேன்" என்றார் மச்சான். "நீங்களே கொண்டாந்து வெச்சிட்டீங்க. இதே இடம்தான் மாப்பிள்ளை, ஒரு இன்ச் பிசகல."

மெத்தைக்குள்ளிருந்து எழுந்த மனைவி கேட்டாள். "ட்ரம்முக்குள்ள என்ன போட்டீங்க?"

"மெழுகு. ரெண்டு கோட்டு."

"பிரேக்குக்கா?"

மச்சான் சோபாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது ஒரே ஒரு பொருள். அதைக் கொண்டுவந்து தன் கையாலேயே காட்சிக்கு வைத்துவிட்டோமே என்று நினைத்தார். "என்னாலதான் போச்சு" என்றார்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஓடுற வண்டின்னுதானே சொன்னே? ஓடிச்சா, இல்லையா?"

"நிக்கலையே!"

"நிக்கிறதைப் பத்தி நீ பேச்சே எடுக்கலை. கட்டில் தேய்க்கிற உப்புத்தாள்ல இருக்கிறதிலேயே சொரசொரப்பா ரெண்டு கொடு. கொஞ்சம் பெட்ரோலும், ஒரு ஸ்பேனரும்."

தரையில் உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கழற்றினாள். "அப்பா இதைப் பண்றப்ப டார்ச் பிடிச்சவ நான்" என்றாள். டாக்டருக்கு இது தெரியாது. ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை மூடிக்கொண்டு அவள் சொல்வதை ஒரு நாளும் கேட்டதில்லை. மெழுகைக் கழுவி, ஷூவைத் தேய்த்து, மூன்று வார மினுமினுப்பை அரைமணியில் கீறித் தள்ளினாள். ஒவ்வொரு இழுப்பும் டாக்டரின் பல்லிலேயே விழுந்தது.

பிறகு மெதுவாகத் தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்து, கடைவாசலில் பிரேக்கை மிதித்தாள்.

கிரீச்!

உள்ளே மெத்தை அடுக்கிக்கொண்டிருந்த மச்சான் அதை அப்படியே போட்டுவிட்டு வெறுங்காலோடு வாசலுக்கு ஓடி வந்தார். வந்தபின்தான் எதற்கு ஓடி வந்தோம் என்று அவருக்கே உறைத்தது. கண் நிறைந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போ" என்றார் கடைசியில். "வாரத்துக்கு ஒரு தடவை இந்த வாசல்ல வந்து பிரேக் போடு, அது போதும். மாப்பிள்ளை, நீங்க பின்னாடி உட்காருங்க."

டாக்டர் பின்னால் ஏறிக்கொண்டார். வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்தாள். ஒவ்வொரு முறையும் அவருக்குப் பல் கூசியது. வாயைத் திறக்கவில்லை.