தினம் ஒரு முட்டை

சீசன் முடிந்துவிட்டால் குற்றாலத்து நாய்களுக்குக் கஷ்டகாலம். சாரல் அடிக்கிற நாட்களில் அவற்றுக்கு ராஜபோகம்தான். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு அகோரப் பசி இருக்கும். கண்டதையும் வாங்குவார்கள், பாதியைத் தின்பார்கள், மீதியை இலையோடு எறிவார்கள். பரோட்டா, கோழிச் சால்னா, எலும்பு என்று தின்று நாய்களெல்லாம் மினுமினுவென்று திரியும். அருவியில் தண்ணீர் குறைந்து கடைகளைச் சாத்தியதும் அவை பிழைப்புத் தேடி இலஞ்சிக்கும் தென்காசிக்கும் கிளம்பிவிடும். அப்படி வந்த ஒரு செவலை நாய், இலஞ்சியில் எத்தனையோ வீடு இருக்க, குத்தாலிங்கத்தின் வீட்டு வாசலில் வந்து படுத்தது. எலும்பு என்ன, முட்டை ஓடுகூட நுழையாத சுத்த சைவ வீடு அது. நாய்க்கு நேரம் சரியில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

குத்தாலிங்கம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. அவருக்கு நாய் பிடிக்குமா பிடிக்காதா என்று யாருக்கும் தெரியாது. எதையும் வெளியே சொல்கிற ஆள் இல்லை அவர். அந்த வீட்டில் சொல்கிற வேலையை முழுக்க அவர் மனைவி கல்யாணசுந்தரி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் முதல் நாளே ஒரு செம்புத் தண்ணீரை நாயின் மேல் வீசினாள்.

"போ அங்கன! தெளிச்சுக் கோலம் போட்ட இடத்துல வந்து படுக்கு பாரு, சனியன்."

நாய் எழுந்து உதறிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் படுத்தது. மறுநாளும் அதே செம்பு, அதே தண்ணீர், அதே நாய். பிறகு ஒரு மழை நாளில் அது குத்தாலிங்கத்தின் ஸ்கூட்டருக்கு அடியில் சுருண்டு நடுங்கிக்கொண்டு கிடந்தது. அன்றைக்குச் செம்பு வெளியே வரவில்லை. வாழைச்சருகில் மிஞ்சிய தயிர்சாதம் வந்தது. கோழிச் சால்னா கண்ட நாய் அல்லவா, முகர்ந்து பார்த்தது, கல்யாணசுந்தரியின் முகத்தை ஒரு தடவை பார்த்தது, வேறு வழியில்லாமல் தின்றது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் யாரும் தீர்மானம் போட்டு நடந்ததில்லை. கேட்டுக்கு வெளியே கிடந்த நாய் கேட்டுக்கு உள்ளே வந்தது. வாசலில் கிடந்தது கிணற்றடிக்குப் போனது. ரசம் சோற்றுக்குப் பழகியது. அமாவாசை என்றால் வடைக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. கத்தரிக்காயை மட்டும் மூக்கால் ஒதுக்கிவைத்துவிடும். "இந்த வீட்டு ஆம்பளைக்கும் கத்தரிக்கா ஆகாது, உனக்கும் ஆகாதோ?" என்று கல்யாணசுந்தரி அதைத் திட்டினாள், திட்டிவிட்டு அடுத்த நாள் கத்தரிக்காயைப் பொறுக்கி எடுத்துவிட்டுச் சோறு வைத்தாள்.

எதிர்வீட்டு இசக்கிமணிக்கு இது பெரிய வேடிக்கை. "அண்ணாச்சி, ஜில்லாவுலயே தயிர்சாதம் திங்கிற நாய் உங்க வீட்டுலதான் இருக்கு" என்றான். தெருப் பிள்ளைகள் தயிர்சாதம் என்பதையே அதற்குப் பேராக வைத்துவிட்டார்கள். அதென்ன பேரு, கேட்கச் சகிக்கல என்று கல்யாணசுந்தரி முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நாளில் அவளே "ஏட்டி தயிரு, இங்கன வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருந்தாலும் யாராவது கேட்டால், "நம்ம நாய் இல்ல, சும்மா வந்து கெடக்கு" என்பாள்.

நாய் இப்படி உள்ளே வந்துகொண்டிருந்த வீட்டிலிருந்துதான் பெற்ற மகள் வெளியே போயிருந்தாள்.

மகள் பெயர் மீனா, ஒரே பிள்ளை. சிவகிரிக்காரர் மாரிராஜை விரும்பிக் கட்டிக்கொண்டாள். அவர் போலீஸில் இருக்கிறார், தங்கமான பையன், ஆனால் கறி சமைக்கிற வீடு. கல்யாணசுந்தரி அழுது முடித்துச் சம்மதித்தாள். தலைப்பிரசவத்துக்கு வளைகாப்புப் போட்டு மகளை இலஞ்சிக்குக் கூட்டியும் வந்துவிட்டார்கள். மீனாவுக்கு உடம்பில் ரத்தம் குறைவு. தினம் ஒரு முட்டை தின்றாக வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"எம்மா, நான் ஒன் அடுக்களைக்கே வரல. பின்வாசல்ல வச்சு அவிச்சுத் தின்னுக்கிடுதேன்" என்று மீனா கேட்டாள்.

"இந்த வீட்டுக்குள்ள முட்டை வராது. கீரை தின்னு, பேரீச்சம்பழம் தின்னு. நான் பெறலியா?" என்றாள் தாய்க்காரி.

மீனா இரண்டாம் முறை கேட்கவில்லை. புருஷனுக்குப் போன் போட்டு வரச்சொல்லிச் சிவகிரிக்குப் போய்விட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் உலகத்து வழக்கம். அவளுக்கு மாமியார் முப்பிடாதியம்மாள்தான் பத்தியச் சோறு பொங்கிப்போட்டாள். பேத்தி ஸ்வாதிக்கு இப்போது நாலு வயது. பொங்கலுக்கு மீனா காலையில் வருவாள், சாயந்திரம் போய்விடுவாள். ஒரு ராத்திரி தங்கியதில்லை. இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். இந்தத் தடவையாவது மகள் இங்கே வந்து இருக்க வேண்டும் என்பது குத்தாலிங்கத்தின் ஆசை. அவருக்கு வேறு பெரிய ஆசைகள் கிடையாது. இதையும் வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் துப்பில்லை.

இந்த நேரத்தில்தான் தயிர்சாதம் தேங்காய் மட்டை போடுகிற கொட்டகையில் நாலு குட்டி போட்டது. குட்டிகள் பால் குடித்துக் கொழுத்தன, தாய் எலும்பாகிக்கொண்டு வந்தது. ஒரு நாள் காலையில் அது எழுந்திருக்க முடியாமல், கால்கள் வெட்டி வெட்டி இழுக்கக் கிடந்தது. கல்யாணசுந்தரி போட்ட கூப்பாட்டில் தெருவே கூடிவிட்டது. குத்தாலிங்கம் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போய், தென்காசியிலிருந்து கால்நடை டாக்டர் ஷாரோனைக் கையோடு கூட்டிவந்தார். சின்ன வயசுப் பெண். மடமடவென்று ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன சாப்பாடு குடுக்கீங்க சார்?"

"தயிர்சாதம், ரசம் சோறு. அமாவாசைன்னா வடை."

டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். "நாலு குட்டிக்குப் பால் குடுக்குது, உடம்புல ஒண்ணும் இல்ல. மாத்திரை தாரேன். கூடவே தினம் ஒரு முட்டை அவிச்சுக் குடுங்க. இல்லன்னா தாயும் தங்காது, குட்டியும் தங்காது."

குத்தாலிங்கம் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்துவிடக்கூடாது என்று குட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இலஞ்சியில் முட்டை வாங்கினால் சாயந்திரத்துக்குள் முருகன் கோயில் வரை செய்தி போய்விடும். ஆகவே டாக்டரைக் கொண்டுவிடப் போன கையோடு, தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆதம் என்பவரின் கடையில் போய் நின்றார். பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டிராத மனுஷன்.

"எத்தனை அண்ணாச்சி?"

"ஒண்ணு. நாய்க்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க" என்றார் ஆதம்.

முட்டையைச் சட்டைப்பையில் வைத்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டிவந்தார். எதிரில் வந்த இசக்கிமணி, நெஞ்சுவலியா அண்ணாச்சி என்று பதறிப்போனான்.

கிணற்றடிக்கு அந்தப்பக்கம் மூன்று செங்கலை வைத்து, பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பு மூட்டினார். மட்டை ஈரம். புகைதான் வந்தது. ஊதி ஊதி அவர் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கல்யாணசுந்தரிக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்தாள்.

"தள்ளுங்க. ஒரு அடுப்பு பத்தவைக்கத் துப்பில்ல."

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளே அவித்தாள். அவளே ஓட்டை உடைத்தாள். தயிர்சாதம் படுத்தபடியே அவள் கையிலிருந்து தின்றது. பிறகு கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனாள். நாளாக ஆகத் தலைக்குளியல் கால் கழுவுவதில் வந்து நின்றது. அப்புறம் கையைச் சேலையில் துடைத்துக்கொள்வதோடு சரி. நாய் எழுந்து நடமாடியது.

ஒரு நாள் தீயைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "அவளுக்கும் இதத்தான டாக்டர் சொன்னாங்க."

"ஆமா" என்றார் குத்தாலிங்கம். அவ்வளவுதான் பேச்சு.

குட்டிகளை வீடியோ காலில் பார்த்த ஸ்வாதி, நேரில் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். லேசாக வயிறு தெரிந்தது. ஸ்வாதி கொட்டகைக்கு ஓடினாள், மீனா பின்னால் போனாள். போகிற வழியில் செம்பருத்திச் செடியின் மூட்டில் முட்டை ஓடுகள் குவிந்து கிடந்தன.

"இது யாருக்கும்மா?"

"நாய்க்கு. குட்டி போட்டிருக்குல்லா. டாக்டர் சொன்னாங்க, தினம்..." கல்யாணசுந்தரியால் அதை முடிக்க முடியவில்லை.

மீனா ஓடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அன்னைக்கு நானும் வாலை ஆட்டிருக்கணும்போல. எனக்குத் தெரியாமப் போச்சு."

மகள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை என்று குத்தாலிங்கத்துக்குத் தெரியும். அன்றைக்கு அவரும்தானே வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். எந்தப் பேச்சுக்கும் கையோடு பதில் வைத்திருக்கிற கல்யாணசுந்தரி அடுக்களைக்குள் போனாள். கழுவிவைத்த பாத்திரங்களையே வெகுநேரம் கழுவினாள்.

மீனா வழக்கம்போலச் சாயந்திரமே கிளம்பியிருப்பாள், ஆனால் ஸ்வாதி குட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள், எழுப்பினால் அலறினாள். நாளைக்குப் போகலாம் என்று மீனா பையைக் கீழே வைத்தாள்.

மறுநாள் காலையில் கல்யாணசுந்தரி செங்கல் அடுப்புப் பக்கமே போகவில்லை. அடுக்களையில், கேஸ் அடுப்பில், பால் காய்ச்சுகிற சட்டியில் முட்டையைப் போட்டாள். குத்தாலிங்கம் பேப்பருக்கு மேலே கண்ணை உயர்த்திப் பார்த்துவிட்டு அவசரமாகக் குனிந்துகொண்டார். அவள் அதை உரித்து, ஒரு தட்டில் வைத்து, மகளின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

மீனா தட்டைத் தள்ளினாள். "அப்ப கேட்டேன். இப்ப வேண்டாம்."

கல்யாணசுந்தரி தட்டை எடுத்துப்போய் நாய்க்கு வைத்தாள். அடுத்த நாளும் அவித்தாள், மீனா அன்றைக்கும் தள்ளினாள். ஸ்வாதி வரமாட்டேங்கா என்று மாரிராஜுக்குப் போனில் சொல்லிச் சொல்லி, மீனா போவதும் தள்ளிக்கொண்டே போயிற்று. இதற்குள் குட்டிகள் சோறு தின்ன ஆரம்பித்துவிட்டன. நாய்க்கு இனி முட்டை தேவையில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டாள். செங்கல் அடுப்பு கலைந்தது. அடுக்களையில் மட்டும் நாள் தவறாமல் முட்டை அவிந்தது. அவிப்பவள் அவித்தாள், தள்ளுகிறவள் தள்ளினாள். இதில் முழுச் சந்தோஷம் தயிர்சாதத்துக்குத்தான். காலையானால் அடுக்களை நிலைப்படியில் வந்து உட்கார்ந்துவிடும், யாரும் விரட்டுவதில்லை.

அப்படி ஒரு காலையில் அது உட்கார்ந்திருந்தது. கல்யாணசுந்தரி தட்டை வைத்தாள், வழக்கம்போல எடுத்துப்போக அங்கேயே நின்றாள். மீனா தட்டைத் தள்ளவில்லை.

"மிளகுப்பொடி இல்லையாம்மா?"

"எதுக்குட்டி?"

"வெறும் முட்டைய எப்படித் திங்க?"

கல்யாணசுந்தரிக்கு அது தெரியாது. அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? மிளகு டப்பாவை எடுக்கப் போனவள் கடுகு டப்பாவைத் திறந்தாள், சீரகத்தைத் திறந்தாள், கண் மறைத்தது. ஒருவழியாகக் கண்டுபிடித்து, உரலில் போட்டு நுணுக்கிக்கொண்டு வந்து, மகளின் தட்டில் தன் கையாலேயே தூவினாள்.

குத்தாலிங்கம் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு நிலைப்படிப் பக்கம் போய் உட்கார்ந்தார். தான் அழுவது யாருக்கும் தெரியக்கூடாது அவருக்கு. தயிர்சாதம் வாலை ஆட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தது. அவர் இட்லியில் பாதியைப் பிய்த்து அதன் முன்னால் வைத்தார். அது முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பவும் அடுக்களையையே பார்த்துக்கொண்டிருந்தது.