விருந்தினர் பங்களா

ஐந்தரை மணிக்கே அயன் மேசையில் நீராவி சீறத் தொடங்கிவிடும். காளீஸ்வரி முதல் காற்சட்டையை விரித்து, மடிப்பை விரலால் நீவி, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துவாள். வெந்த துணியின் நெடி மூக்கில் ஏறும். வெளியே வத்தேகம மலைகளில் பனி இறங்கிக்கொண்டிருக்க, உள்ளே அவளுடைய ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மணிக்கு அறுபது காற்சட்டை. ஒன்று குறைந்தாலும் மேற்பார்வையாளன் பக்கத்தில் வந்து நிற்பான். அடுத்த மணி முடியும்வரை நிற்பான்.

நான்கு மாதத்துக்கு முன்பு விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பன்னிரண்டு பெண்களை ஏஜெண்ட் விமானமேற்றி அனுப்பினான். இலங்கையில், கண்டியில் அறைக்கு இரண்டு பேர், சுடுதண்ணீர், மெத்தை என்றெல்லாம் சொல்லியிருந்தான். வந்து பார்த்தால் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பழைய தேயிலைக் கிடங்கு. தகரக் கூரை. மலையைச் செங்குத்தாக வெட்டி அந்த இடுக்கில் கட்டியது. பின்சுவரில் மலை முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

அழுது பயனில்லை என்று தெரிந்ததும் காளீஸ்வரிதான் முதலில் எழுந்தாள். அட்டைப் பெட்டிகளைப் பிரித்துச் சுவரில் ஒட்டிக் குளிரை மறித்தாள். பழைய சேலைகளைக் கொடியில் தொங்கவிட்டுப் பன்னிரண்டு தடுப்புகள் செய்தாள். கடைக்குப் போய்ப் ரொட்டியைப் பாண், தேங்காய்த் துருவலைத் தேங்காய்ப்பூ என்று இந்த ஊர்ச் சொற்களால் கேட்கப் பழகினாள். கிடங்குக்கும் ஒரு வீட்டின் சாயல் வந்தது.

ஆனால் உள்ளூர்ப் பெண்கள் அவர்களுடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெரும்பாலும் பன்வில தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். இரண்டு பக்கத்துக்கும் பேச்சும் சாமியும் ஒன்றுதான். டவுன் வேலைக்கு வந்த திமிர் என்றுதான் காளீஸ்வரி முதலில் நினைத்தாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டோம் என்று அந்தப் பெண்கள் மூன்று வாரம் ஒற்றுமையாக நின்றிருக்கிறார்கள். மனேஜர் நடராஜா அவர்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தியாவிலிருந்து பன்னிரண்டு பேரை இறக்கி ஞாயிற்றுக்கிழமையும் சில மெஷின்களை ஓட்டிக் காட்டிவிட்டார். தன் கையை வைத்தே அவர்கள் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று புரிந்த நாளில் காளீஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை.

ஐப்பசியில் விடாமல் ஒரு வாரம் மழை. பின்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அவள் மூன்று முறை போய்ச் சொன்னாள். மழை விட்டதும் பார்க்கலாம் என்றார் நடராஜா. மூன்றாம் முறை சிரித்துக்கொண்டே, "நீங்க நம்ம ஆளுங்கம்மா, உங்கள விட்டுருவோமா?" என்றார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, தையல் மெஷின்களின் இரைச்சலையும் மீறி ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் பின்பக்கம் ஓடினார்கள். பாதிக் கிடங்கைக் காணோம். காய்ச்சலென்று வேலைக்கு வராமல் படுத்திருந்த, பன்னிரண்டு பேரில் ஒருத்தியான பாப்பம்மா மண்ணுக்குள்ளிருந்து முனகினாள். காளீஸ்வரி நகம் பிய்யத் தோண்டினாள். பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கைகள் தோண்டுவதைச் சற்று நேரம் கழித்தே பார்த்தாள். தையல் பகுதி யசோதினி. நான்கு மாதத்தில் அவளிடம் ஒரு வார்த்தை பேசாதவள்.

பாப்பம்மாவின் தொடை எலும்பு முறிந்திருந்தது. கம்பனி வேன் ஏற்றுமதிப் பெட்டிகளோடு கிளம்பத் தயாராக நின்றது. அதைத் தர முடியாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ஓட்டோவின் பின் இருக்கையில் கிடத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகுதான் நடராஜா குடை பிடித்துக்கொண்டு வந்தார். மண்ணை அள்ளிவிட்டு, திறந்த பக்கத்துக்குப் பொலித்தீன் கட்டி, மற்றவர்கள் முன்பாதியில் படுத்துக்கொள்ளட்டும் என்றார். மதியத்துக்குள் எல்லாரும் மேசைக்குத் திரும்பவேண்டும் என்றார்.

காளீஸ்வரி சேறு வழியும் கைகளோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"எங்க பாஸ்போர்ட்டக் குடுங்க சார். நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்."

"ஒப்பந்தம் முடியிற வரைக்கும் அது கம்பனிகிட்ட பத்திரமா இருக்கும்."

"எங்க உசுரு?"

அவர் உள்ளூர்ப் பெண்கள் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் நிக்கிறீங்க? இது இந்தியாக்காரங்க விசயம். போய் வேலயப் பாருங்க."

ஒருத்தியும் அசையவில்லை. யசோதினி முன்னால் வந்தாள்.

"எங்க பாட்டன் பூட்டனயும் இப்பிடித்தான் ஆசகாட்டிக் கூட்டிட்டு வந்து தோட்டத்து வரிச வீட்டுல, லயத்துல போட்டாங்க சேர். அந்த லயம் சரிஞ்சி செத்தவங்க பேரு எங்ககிட்ட இருக்கு. இவங்க பேரையும் அதுல சேக்க விடமாட்டோம்."

நடராஜாவின் முகம் கறுத்தது. நாளைக்கு வேலைக்கு உள்ளே விடமாட்டேன் என்றார். விடாவிட்டால் போங்க, எங்க நூற்றிருபது பேருக்கும் பதில் ஆளை எங்கிருந்து இறக்குவீங்க என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

சரிவுக்குக் கீழே பச்சைப் புல்வெளி நடுவில் வெள்ளைச் சுவரோடு ஒரு பங்களா இருந்தது. அதில் யார் இருக்கிறார்கள் என்று காளீஸ்வரி காவலாளி செல்லப்பாவிடம் கேட்டாள்.

"யாருமில்ல. வெளிநாட்டுல இருந்து துணி வாங்குறவங்க வந்தா தங்குவாங்க. போன மார்கழில ரெண்டு பேரு மூணு நாள் இருந்தாங்க. ஆறு ரூம்."

சொல்லிவிட்டு அவர் நடராஜாவைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்துக்கொண்டு கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்தார். அவருடைய வேலை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

மண்ணுக்குள் அகப்பட்டது போக மிஞ்சியதை எல்லாரும் சுமந்தார்கள். இரும்புப் பெட்டிகளைத் தையல்காரிகள் தூக்கினார்கள். பன்வில பெண்கள் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த பழக்கத்தில் மூட்டைகளை முதுகில் போட்டுக்கொண்டார்கள். மழையில் அந்த வரிசை பங்களாவரை நீண்டது. நடராஜா போனில் பொலிஸைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

பளபளத்த தரையில் சேற்றுக் கால் பதிக்கக் காளீஸ்வரிக்கு ஒரு கணம் கூச்சமாக இருந்தது. மறு கணமே ஆத்திரம் வந்தது. இந்த ஆறு அறைகளும் இத்தனை நாள் பூட்டிக் கிடந்தன. பாப்பம்மா மலைக்கடியில் படுத்திருந்தாள். காளீஸ்வரி காலை அழுத்திப் பதித்துத்தான் உள்ளே போனாள்.

பொருட்களை வைத்துவிட்டு வெளியே வந்தபோது யசோதினி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். படி முழுக்கவும் புல்தரையிலும் நனைந்தபடி பெண்கள். மனதில் கிடந்ததைச் சொல்லாமல் காளீஸ்வரியால் உட்கார முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம விசயம் எங்களுக்குத் தெரியாது தங்கச்சி. தெரிஞ்ச பெறகும் வாய மூடிட்டுத்தான் இருந்தோம். இனிமே நாங்க அன்னைக்கு மெஷினத் தொடமாட்டோம்."

யசோதினி தன் தலைமயிரிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"அப்ப அதயும் சேத்தே கேப்போம் அக்கா. பாஸ்போர்ட்டு, வீடு, ஞாயித்துக்கெழம. மூணும்."

கீழே வளைவில் பொலிஸ் ஜீப் உறுமிக்கொண்டு ஏறுவது கேட்டது. சிலர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்; பிறகு அவர்களும் உட்கார்ந்துகொண்டார்கள். யசோதினி படியில் நகர்ந்து இடம் விட்டாள். காளீஸ்வரி அவள் பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்தாள்.