உப்புத்தண்ணீர்ப் படம்

தேவனாம்பட்டினத்து அமராவதி வெள்ளிக்கிழமை தவறாமல் படம் பார்க்கப் போகிறாள் என்றால், ஊர் சினிமா என்றுதான் நினைத்தது. புருஷன் இல்லாதவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள், மீன் விற்ற கையோடு படத்துக்குப் போகிறாளே என்று வாயில் போட்டு மென்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவள் போனது மஞ்சக்குப்பத்து ஓவியக்கூடத்துக்கு. பொதுப்பணத்தில் வாங்கி மாட்டிய வாட்டர் கலர் படங்கள் அங்கே ஒரு கூடம் நிறைய இருந்தன. எல்லாம் கடலூர், சிதம்பரம் பக்கத்து ஓவியர்கள் வரைந்தவை. உள்ளே போகக் காசு கிடையாது. அதனாலேயோ என்னவோ போகிற ஆளும் கிடையாது. கூடத்தைப் பார்த்துக்கொள்கிற ஜெயராணிதான் காலையில் திறந்து சாயங்காலம் பூட்டுவாள்.

சுனாமிக்கு மறு வருஷம் மழைக்கு ஒதுங்கப் போய்தான் அமராவதி அந்தப் படத்தை முதலில் பார்த்தாள். ஈர மணல். அதில் நமக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்தபடி ஒரு சிறுமி. மஞ்சள் பாவாடை, பச்சைக் கரை, கரைக்கு மேலே உள்ளங்கை அளவு சிவப்பு ஒட்டு. அந்த ஒட்டைப் பழைய சேலையில் கிழித்துத் தைத்தவள் அமராவதிதான். அவள் மகள் மோகனப்பிரியாவின் பாவாடை அது.

போட்ட கூச்சலில் ஜெயராணி ஓடி வந்தாள். "இன்னாக்கா, இன்னா ஆச்சு?"

"எம் பொண்ணும்மா. இங்க நிக்குது பாரு, எம் பொண்ணு."

மகளுக்கென்று ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. எல்லாம் வீட்டோடு போயிற்று. சுனாமி அன்று அமராவதி மீன் விற்க முதுநகர் போயிருந்ததால் பிழைத்தாள்; அதைப் பிழைப்பு என்று அவள் ஒருநாளும் எண்ணியதில்லை. பிள்ளையைக் கரையில் கிடத்திக் காட்டியபோது முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஊரே அன்று பிள்ளைகளைத் துணியை வைத்துத்தான் அடையாளம் சொன்னது. சட்டைப் பொத்தான், ரிப்பன், ஊக்கு. அமராவதி சிவப்பு ஒட்டைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். காலில் கொலுசைக் காணோமே என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "தண்ணி கழட்டிக்கிட்டுப் போயிருக்கும்" என்றார்கள் பெண்கள். சவுக்குத்தோப்பு ஓரமாகப் புதைத்தார்கள்.

படத்துச் சிறுமியின் காலிலும் கொலுசு இல்லை. வரைந்தவர் விட்டிருப்பார் என்று அமராவதி நினைத்துக்கொண்டாள். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்?

பக்கத்து வீட்டுத் தைலம்மாளுக்குப் புதைக்கிற கொடுப்பினைகூட இல்லை. அவள் மகள் அறிவுமதியும் மோகனப்பிரியாவும் ஒரே வயசு, ஒரே வகுப்பு. அலையில் கால் முறிந்து தைலம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்து பார்த்தால் மகளைப் பற்றித் தகவலே இல்லை. "யாரோ தூக்கிட்டுப் போயி வளக்குறாங்க" என்பாள். பொழுது சாய்ந்ததும் ஒரு தட்டில் சோறு போட்டு நிலைப்படியோரம் வைத்து, கதவைத் திறந்தே விட்டுவிடுவாள். விடிந்தால் அது காக்கைக்கு. அவளைப் பார்க்க அமராவதிக்குப் பாவமாக இருக்கும். உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கும். எனக்குப் பூப்போட ஓர் இடமாவது இருக்கிறதே என்கிற நிம்மதி.

அந்த நிம்மதியை அரித்தது ஒன்றுதான். மகளின் முகம் அவளுக்கு மறந்துகொண்டு வந்தது. மூக்கு நினைவில் நின்றால் கண் நிற்காது. கண்ணைப் பிடித்தால் சிரிப்பு நழுவிவிடும். இருப்பதோ இந்தப் படம் ஒன்று, அதிலும் முதுகு. வெள்ளிக்கிழமைதோறும் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்து நின்று கெஞ்சுவாள். "ஒரு வாட்டி திரும்பிப் பாருடி. ஆத்தா வந்திருக்கேன்."

கெஞ்சக் கெஞ்ச, அது திரும்பத் தொடங்கியது.

முதலில் பின்னல். முதுகில் நேராகக் கிடந்தது ஒரு மழைக்காலம் முடிந்ததும் தோளோரம் ஒதுங்கியிருந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு காது தெரிந்தது. படத்துக்குக் கீழே சுவரில் உப்புப் பூத்தது. அமராவதி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கடல் கரித்தது.

ஜெயராணி விவரம் சொன்னாள். "வரைஞ்சவரு கரையிலயே உக்காந்து, கடல் தண்ணியிலயே கலரக் குழைச்சாராம். உப்பு ஈரத்த இழுக்கும்க்கா. ஈரம் ஜாஸ்தியானா கலர் நகரும். வேற ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டு அவள் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பாமல் நடந்தாள். கொஞ்ச நாளாகவே அந்தப் பக்கம் பெருக்குவதையும் விட்டிருந்தாள்.

2011 ஐப்பசியில் படங்களையெல்லாம் அண்ணாமலை நகரில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை வந்ததும் அமராவதி சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள். ஏசி போட்ட அரங்கம். மற்ற படங்கள் எல்லாம் காய்ந்து மொடமொடவென்று இருந்தன. இந்த ஒரு படத்தின் கண்ணாடிக்கு உள்ளே மட்டும் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. சிறுமியின் கன்னம் பாதி வந்துவிட்டிருந்தது.

படத்துக்கு முன்னால் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி நின்றார். அவர்தான் வரைந்தவர், குறிஞ்சிப்பாடி அருள்முருகன்.

"சார், இது எம் பொண்ணு. அவ மொகம் ஒங்களுக்கு நெனப்பு இருக்கா?" என்று கேட்டாள் அமராவதி.

"நான் மொகமே பாக்கலம்மா" என்றார் அவர். "வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் அந்தப் புள்ள திரும்பவே இல்ல. எழுந்து கூப்புட்டேன், ஓடிப்போயிடுச்சு. நான் காது போடல. கன்னம் போடல. இது யாரு கை?"

அவர் நேரே, படங்களோடு வந்திருந்த ஜெயராணியிடம் போய், இந்தப் படத்தை இனிமேல் மாட்டாதீர்கள், எங்காவது உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள் என்றார். அமராவதி ஜெயராணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அவ பாதி திரும்பிட்டாம்மா. இப்பப் பூட்டாதீங்க. ஒரே ஒரு வாட்டி அவ மொகத்தப் பாத்துட்டேன்னா, அப்புறம் இன்னா வேணா செஞ்சுக்கங்க."

பொங்கல் வரைக்கும் விட்டு வைக்கிறேன் என்று ஜெயராணி தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டாள்.

பொங்கலுக்கு முன்னே ‘தானே’ என்ற புயல் வந்துவிட்டது. கடலூரைப் புரட்டிப் போட்டுவிட்டுக் காற்று அடங்கியதும், விழுந்த மரங்களுக்கு அடியில் குனிந்தும் மேலே ஏறியும் அமராவதி மஞ்சக்குப்பம் போய்ச் சேர்ந்தாள். ஓவியக்கூடத்து ஓடுகள் பாதி பறந்திருந்தன. ஜெயராணி முழங்காலளவு தண்ணீரில் நின்று அழுதுகொண்டிருந்தாள். படங்கள் எல்லாம் வெறும் காகிதமாகத் தொங்கின. அத்தனை ஊரும் கோபுரமும் தோணியும் சாயமாகக் கரைந்து சுவரில் வழிந்திருந்தன.

ஒன்று மட்டும் நனையவில்லை. கண்ணாடிக்கு உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. சிறுமி முழுசாகத் திரும்பி நின்றாள்.

அமராவதி சந்தோஷத்தில் சிரித்துவிட்டாள். கிட்டே போனாள். சிரிப்பு அப்படியே நின்றது.

இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. தோணி விளிம்பில் இடித்துக்கொண்டு ரத்தம் கொட்டியபோது, காப்பித்தூளை வைத்து அழுத்திக் கட்டியவள் அமராவதிதான். கட்டியது மோகனப்பிரியாவுக்கு இல்லை. அறிவுமதிக்கு.

இரண்டும் பாவாடையை மாற்றி மாற்றி உடுத்தும். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். கரையில் அன்று அந்த உடம்புக்கு முன்னால் உட்கார்ந்தபோது அது அவளுக்கு நினைவு வரவில்லையா? வந்தது. கொலுசு இல்லாத காலைப் பார்த்ததுமே வந்தது. வந்த நினைவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, என் பிள்ளை என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொள்ள ஒரு பிள்ளை வேண்டியிருந்தது அவளுக்கு.

"பாத்தீங்களா? மொகமா அது?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள் ஜெயராணி. அவள் கை கழுத்துச் சிலுவையைப் பிடித்திருந்தது.

"நீயே வந்து பாரேன்."

"வேணாங்க்கா. நான் பாக்கல."

இதை அமராவதி விழுங்கிவிடலாம். கேட்க யாரும் இல்லை. வீடு வரும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்: வாயைத் திறந்தால் தோப்போரத்துக் குழி போய்விடும், பூப்போட இடம் இருக்காது, மோகனப்பிரியா செத்தாளா, எங்கே போனாள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்துக் கண்கள் அவளைப் பார்த்திருந்தன, ஒரு கோபமும் இல்லாமல், அத்தையைப் பார்க்கிற மாதிரி.

தைலம்மாள் வாசலில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். புயல் அவள் வீட்டு முன்கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அவள் தேடியது சோற்றுத் தட்டை.

"தைலு" என்றாள் அமராவதி. அவள் எதிரே மணலில் உட்கார்ந்தாள். "தோப்புல நான் பொதச்சது எம் பொண்ணு இல்லடி. ஒன் அறிவு."

தைலம்மாள் எப்படித் தெரியும் என்றுகூடக் கேட்காமல் முறிந்த காலை இழுத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தாள். அமராவதி பின்னாலேயே போனாள். சவுக்கு மரம் ஒன்று பாக்கியில்லாமல் சாய்ந்து கிடந்தது. குழியைக் காட்டியதும் தைலம்மாள் அதன்மேல் குப்புறப் படுத்து, தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுவது போல மணலைத் தடவினாள். வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மஞ்சக்குப்பத்துல அவ படம் இருக்கு. போயிப் பாரு. திரும்பித்தான் நிக்குறா" என்றாள் அமராவதி.

பொழுது சாய்கிற நேரத்துக்குத் தைலம்மாள் அமராவதி வீட்டுக்கு வந்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். கையில் நசுங்கிய அந்தத் தட்டு.

"இந்தா" என்று நீட்டினாள். "இனிமே நீ வையி. கதவ மட்டும் சாத்திடாத."

அமராவதி தட்டை வாங்கிக் கழுவினாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு பேருக்கு அரிசி போட்டாள்.