அளவு வருமுன் போன செய்தி

விஜயலெட்சுமி எழுதியிருந்த ஒரு வரியைச் சிந்துஜன் நீக்கினார். அந்த வாரமே, நமுனுகுல மலையடியில் அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின்மேல் மண் சரிந்தது.

இருவருக்கும் பதுளையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவர் குழுத்தலைவர். தோட்டங்களில் மழைமானிகளை நட்டு, மழை மிஞ்சினால் அங்குள்ளவர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளை ஜாவாவில் செய்திருந்தார்கள். அதில் ஒரு திரெட், அதாவது தனியே ஓடும் ஒரு நிரல்பகுதி, மழைமானியிடம் அளவைக் கேட்டு வாங்கும். இன்னொரு திரெட் அந்த அளவைப் பார்த்துச் செய்தி அனுப்பும். முதலாவது முடியும்வரை இரண்டாவது காத்திருக்க வேண்டுமென்று அவள் ‘ஜொயின்’ என்ற கட்டளையைப் போட்டிருந்தாள்.

“ஸ்க்ரீன் உறைஞ்சு நிக்கிற மாதிரி இருக்கு. அதை எடுத்துப்போட்டன்” என்றார் சிந்துஜன்.

“சார், சிக்னல் இழுத்து லேட்டானா அளவு வர்றதுக்கு முந்தியே மெசேஜ் போயிரும். வராத அளவ அது பூச்சியம்னு எடுத்துக்கும்.”

“இவ்வளவு நாளும் நேரத்துக்கு வந்ததுதானே? நீர் உம்மட வேலையைப் பாரும்.”

பெருமழையில் சிக்னல் இழுத்தது. ‘ஆபத்தில்லை’ என்ற செய்தி லயத்துக்குப் போனது. அதை நம்பி வீட்டிலேயே இருந்த அவளுடைய அப்பா அழகையாவின் வலது கால் இடிந்த சுவருக்கடியில் நசுங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரித்தபோது சிந்துஜன் முதலாளியிடம் சொன்னார்: “அந்தப் பகுதி விஜயலெட்சுமியின்ர கோட்.”

அவளை போன் எடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். நீக்கிய வரியை அவர் திரும்பப் போடவில்லை. போட்டால், எடுத்தது தான்தான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

“முதலாளிட்ட சொல்லேன்டி” என்றாள் தோழி றிஸ்னி.

“சொன்னா ரூமுக்குள்ளேயே பேசி முடிச்சிருவாங்க. எல்லாரும் பாக்கணும். அந்தாளு வாயாலயே சொல்லணும்.”

“அதுவரைக்கும் மத்தத் தோட்டத்து ஆக்கள்?”

அதற்கு அவளிடம் ஒரு வழிதான் இருந்தது. மழை இருட்டும்போதெல்லாம் தோட்டந்தோட்டமாக போன் போட்டு, “மெசேஜ நம்பாதீங்க, மேட்டுக்குப் போயிருங்க” என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுடைய கோபம் ஆறவில்லை, இறுகியது.

கொழும்பிலிருந்து சரோஜினி என்ற அதிகாரி மென்பொருளைப் பார்க்க வந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. சிந்துஜன் அலுவலகக் கூரையிலிருந்த மழைமானியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். திரை உடனே சிவந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பின்வரிசையிலிருந்து விஜயலெட்சுமி எழுந்தாள். “மேடம், கூரைல உள்ளது வேணாம், அதுக்குச் சிக்னல் இழுக்காது. நமுனுகுலயில உள்ளதப் பாருங்க. என் கூட்டாளி அங்கதான் நிக்கிறா.”

“நல்லதுதானே, பாப்பம்” என்றார் சரோஜினி.

மலையில் றிஸ்னி வாளித் தண்ணீரை ஊற்றினாள். திரையில் பச்சை எழுத்து வந்தது: ஆபத்தில்லை.

“சிக்னல் பிரச்சினை” என்றார் சிந்துஜன்.

அவள் முன்னால் வந்து, கணினியில் அந்த ஒற்றை வரியைத் தட்டினாள். “இன்னொருக்கா ஊத்து றிஸ்னி” என்றாள் போனில்.

இம்முறை திரை அசையவில்லை. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. சிந்துஜனின் நெற்றியில் வியர்வை அரும்புவதை அவள் ஆசைதீரப் பார்த்தாள். அளவு வந்து சேர்ந்ததும் திரை சிவந்தது.

“இந்த வரி முதல்ல இருக்கேல்லையா?” என்று சரோஜினி கேட்டார்.

“இருந்துச்சு மேடம். யாரு எடுத்தாங்கன்னு சார் சொல்வாரு.”

சிந்துஜன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார்.

“நான்தான் எடுத்தனான்.” குரல் எழும்பவில்லை.

“பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல சார்.”

அவர் இன்னொரு முறை சொன்னார்.

அவருடைய வேலை போயிற்று. சில நாள் கழித்து, அழகையா தங்கியிருந்த பசறை வீட்டுக்கு அவரே தேடி வந்தார். “ஐயா, மன்னியுங்கோ” என்று வாசலிலேயே நின்றார்.

அழகையா கைத்தடியால் நாற்காலியைக் காட்டினார். “இந்த மழையில வந்திருக்கீங்க. உள்ள வாங்க தம்பி. அம்மாடி, தேத்தண்ணி ஊத்து.”

“தேத்தண்ணி இல்லப்பா” என்றாள் விஜயலெட்சுமி.

அடுப்பில் கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சிந்துஜன் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள். அவர் குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி இறங்கினார்.

“என்னம்மா இது, வீடு தேடி வந்த மனுசன...”

“அவருக்கு இல்லப்பா” என்று சொல்லி, அப்பாவுக்கு மட்டும் ஊற்றிக் கொடுத்தாள்.