அங்கேயா?

கல்லூரியில் உலக நாடுகளைப் பற்றிய பாடத்தை அந்தப் பேராசிரியை பதினெட்டு வருஷமாக எடுத்துவருகிறார். முதல் வகுப்பில் துண்டுச் சீட்டைக் கொடுத்து, "ஆப்பிரிக்கான்னா மனசுல வர்ற மூணு வார்த்தை எழுதுங்க" என்பார். பசி, சண்டை, சிங்கம். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறினார்கள், சீட்டு மாறவில்லை.

இந்த வருஷமும் அரைத்த மாவையே அரைத்தார். அந்த நினைப்பை மாற்ற, ஆப்பிரிக்க ஊர்களின் பெரிய ஆஸ்பத்திரி, நெரிசலில் நிற்கும் பஸ், மழைக்கோட்டு போட்ட பள்ளிப் பிள்ளைகள் என்று படம் படமாகத் திரையில் காட்டினார். வகுப்பில் 'வக்கீல்' என்று பேரெடுத்த பெண் எழுந்தாள்.

"நல்லதாப் பாத்துப் பொறுக்கிட்டு வந்திருக்கீங்க மேடம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மல்லுக்கட்டத் தெம்பில்லை அவருக்கு. "உட்காரும்மா" என்றார்.

சாயங்காலம் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே மகள் வந்து நின்றாள். நர்ஸ் வேலை பார்ப்பவள்.

"அம்மா, புது வேலை கிடைச்சிருச்சு. ஆப்பிரிக்காவுல, நைரோபியில."

"அங்கேயா?" வாய் முந்திக்கொண்டது. "ஏண்டி, உசுருக்குப் பாதுகாப்பு இருக்குமா? குடிக்கத் தண்ணியாவது கிடைக்குமா?"



"இதைத்தான் காலேஜ்ல சொல்லிக் கொடுக்கிறியாம்மா?"

மகள் சத்தம்கூடப் போடவில்லை. உள்ளே துணி மடிக்கப் போய்விட்டாள். பேராசிரியைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் திரையை இறக்காமல், நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடியே வகுப்பில் சொன்னார். "இத்தனை வருஷம் பாடம் எடுத்த என் வாயில வந்தது இது. இதுல உங்களை என்னன்னு குறை சொல்றது?"

யாரும் சிரிக்கவில்லை. வக்கீல்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே தங்குவாங்களா மேடம்? பஸ்ஸுல போகணுமா?"

"தெரியலையே. நான் கேக்கவே இல்ல."

"அங்க குளிருமா?" என்றாள் இன்னொருத்தி.

"குளிரும். ஊர் நல்ல உயரத்துல இருக்கு."

ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு கேட்டார்கள். கூட வேலை பார்ப்பவர்கள் என்ன பாஷை பேசுவார்கள், லீவு நாளில் எங்கே போவார்கள்? பாதிக்கு மேல் அவருக்கு விடை தெரியவில்லை. தெரியாததையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டார்.

வீட்டில் அதை வாசித்தபோது, துணி மடித்துக்கொண்டிருந்த மகள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலாவது கேள்வியில் சிரித்துவிட்டாள்.

"எனக்கே பாதி தெரியலம்மா. கேட்டுச் சொல்றேன்."

பயம் விட்டுப்போனதென்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையை அடுத்த ஊருக்கு அனுப்பும் எந்தத் தாய்க்கும் வருகிற அளவுக்கு அது இறங்கியிருந்தது. அலுப்போடு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, மீதித் துணியை மடிக்க ஆரம்பித்தார்.